டீசல் போகும் வழி

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.

அன்புள்ள மருமகனுக்கு,

திருகோணமலையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உள்துறைக்குள் ஒழுங்காக ஓடும் உன் பாய்ப்படகின் இஞ்சின், துறைமுக வாய் தாண்டி அலையில் ஏறி இறங்கத் தொடங்கியதும் இருமுகிறது, வேகம் குறைகிறது, அரை மணிக்குள் நின்றுவிடுகிறது. சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, பிறகும் அதே கூத்து என்கிறாய். இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், கழற்றாதே.

பாய்ப்படகை நான் படத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீ சொல்லும் நோய் எனக்குப் புதியதல்ல. மாவனல்லை வரைக்கும் முணுமுணுக்காமல் வந்த லொறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சு முட்டி நிற்பதை இந்தப் பக்கத்து மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஏற்றத்தில் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. வண்டி சரிவதால் டேங்கின் அடியில் படிந்து கிடந்த சேறும் தண்ணீரும் இடம் பெயர்ந்து உறிஞ்சு குழாயின் வாய்க்கு வருகின்றன. சுமை கூடுவதால் இஞ்சினும் முன்னைவிட அதிக டீசல் கேட்கிறது. பாதி அடைத்த பில்டர் சமதரையில் தேவையானதைக் கசிய விட்டுச் சமாளித்துவிடும். ஏற்றத்தில் அதன் குட்டு வெளிப்படும். உனக்கு அங்கே ஏற்றம் இல்லை, அலை இருக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த டேங்கை வெளிக்கடல் குலுக்கிக் கலக்குகிறது. இன்ஜெக்டர் கெட்டிருந்தால் துறைமுகத்துக்குள்ளேயும் கெட்டதாகத்தான் இருக்கும்; அலை வரட்டும் என்று காத்திருக்காது.

டீசல் போகும் வழியை மனதில் வைத்துக்கொள். டேங்க், அதற்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் முதல் பில்டர், டயப்ரம் வைத்த சின்னப் பம்ப், இஞ்சின்மேல் இருக்கும் இரண்டாவது பில்டர், பிறகு பெரிய பம்ப், இரும்புக் குழாய், இன்ஜெக்டர். பெரிய பம்ப் வரைக்கும் அழுத்தம் மிகக் குறைவு. அதற்குப் பிறகு உன் இஞ்சின் மாதிரிப் பழைய வகையில் 150, 200 பார் அழுத்தத்தில்தான் நோசல் திறக்கும். கோளாறு பெரும்பாலும் முதல் பாதியில்தான் இருக்கும். ஆனால் பையன்கள் ஸ்பனரை எடுத்ததும் இரண்டாவது பாதிக்குத்தான் போகிறார்கள். அந்தப் பெரிய பம்பின் உள்ளே உருளைக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். தலைமயிரின் தடிப்பே 70 மைக்ரோன் அளவு இருக்கும். படகின் ஆட்டத்தில் அழுக்குக் கையோடு அதைத் திறப்பவனை நான் மெக்கானிக் என்று சொல்லமாட்டேன்.

காற்றும் இதே பாதியில்தான் நுழைகிறது. டீசலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பெரிய பம்புக்குள் குமிழி போய்விட்டால் உருளை அந்தக் குமிழியையே நசுக்கி நசுக்கி விடும். நோசல் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அது ஒழுகாது. வெடித்த ஸ்ட்ரோவால் செவ்விளநீர் குடிப்பது போலத்தான்: வெளியே ஒரு சொட்டும் சிந்தாது, வாய்க்குள் வருவதெல்லாம் காற்று. ஆகவே டீசல் ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதே. ஒவ்வொரு கிளிப்பையும் இறுக்கு, பில்டர் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார், வெடித்த ஹோஸை மாற்று.

குமிழியைக் கண்ணால் பார்க்கவே வசதி செய்த இஞ்சின் ஒன்று நம் மலைநாட்டுப் பாதையில் ஓடியிருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 ரயில் இஞ்சின்களைத்தான் சொல்கிறேன். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணப் பெயர்கள் அவற்றில் பலவற்றுக்கு. அந்த வகை டீசல் இஞ்சினில் இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். டேங்குக்குத் திரும்பும் டீசல் ஒன்றில் நிறைந்து, தெளிவாக ஓடவேண்டும். குமிழி தெரிந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று எடுக்கிறது. மற்றது காலியாக இருக்கவேண்டும். அதில் டீசல் ஏறினால் பில்டர் அடைத்துவிட்டது. ஸ்பனரைத் தொடாமலே பாதி வேலை முடிந்தது. அப்படியொரு கண்ணாடியைச் சின்ன இஞ்சின்களுக்கு ஏன் வைப்பதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ முதல் பில்டருக்கும் சின்னப் பம்புக்கும் இடையில் ஓரடி ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பார். சோதித்து முடிந்ததும் கழற்றிவிடு. அது நெருப்புக்கும் சூட்டுக்கும் தாங்காது.

அடுத்த முறை இஞ்சின் நிற்கும்போது உடனே செய்யவேண்டியது ஒன்று: டேங்கின் மூடியைத் திற. 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், டேங்குக்கு மூச்சு விடும் குழாய் அடைத்திருக்கிறது. உப்புப் படிந்திருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். டீசல் வெளியேறிய இடத்துக்குக் காற்று வராமல், பம்ப் உறிஞ்ச முடியாமல் தோற்றுப்போகும். சற்று நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து நிரம்பியதும் திரும்ப ஓடும். சத்தம் ஒன்றும் வராவிட்டால் சந்தேகம் உறிஞ்சு குழாயின் வாய்மேல். அங்கே ஒட்டிய சேறு, இஞ்சின் நின்று இழுப்பு விட்டதும் உதிர்ந்து விழும், ஓடினால் மறுபடி வந்து ஒட்டும். நீ எழுதியதைப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

உறுதிப்படுத்த ஒரு கேன் போதும். சுத்தமான டீசலைக் கேனில் ஊற்றி, சரியாமல் கட்டி, அதிலிருந்து நேராகச் சின்னப் பம்புக்கு ஹோஸ் கொடு. திரும்பி வரும் குழாயையும் கேனுக்கே விடு. அதே அலையில் ஓட்டு. நிற்காமல் ஓடினால் குற்றம் டேங்க், ஹோஸ், முதல் பில்டர் இவற்றுக்குள். அப்போதும் நின்றால் மிச்சப் பாதியைப் பார்.

டேங்குக்குள் சேறு எப்படி வந்தது என்று கேட்பாய். 2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த நாட்கள் உனக்கு மறந்திருக்காது. டீசலைப் பங்கிடும் கியூஆர் முறை வருவதற்கு முன்னும் பின்னும் கேனிலும் பீப்பாயிலும் டீசலைச் சேர்த்துவைத்தவர்கள் நிறையப் பேர். வரிசை ஓய்ந்த பிறகு அந்த டீசல் ஊற்றிய ஜெனரேட்டர்கள் எங்கள் பக்கத்துக் கராஜ்களுக்கு வந்தன. பில்டரைத் திறந்தால் கறுப்பாக, பாசி மாதிரி வழவழப்பு. பாதி நிரம்பிய பாத்திரத்துக்குள் பகலில் ஈரக்காற்று புகும், இரவுக் குளிரில் அது சுவரில் வியர்க்கும், வியர்வை அடியில் தண்ணீராகச் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் குடியேறி, டீசலையே தின்று வளரும். பாய்ப்படகு பெரும்பாலும் காற்றில்தானே ஓடுகிறது? அதன் டீசல் செலவாகாமல் கிடக்கிறது, ஜெனரேட்டருக்குச் சேர்த்த கேன் மாதிரி. பில்டர் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பார்; அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். வழவழப்பு இருந்தால் மருந்து மட்டும் ஊற்றிவிட்டு இருந்துவிடாதே, செத்த பாசியும் பில்டரை அடைக்கும். டேங்கைத் திறந்து கழுவத்தான் வேண்டும்.

பில்டர் மாற்றினால் காற்று எடுக்கவேண்டும். இரண்டாவது பில்டரின் மேல் ஆணியைத் தளர்த்தி, சின்னப் பம்பின் கைப்பிடியை அடி. குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்கு. பிறகு பெரிய பம்பின் ஆணி. அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர் பக்கத்து நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்று. கைப்பிடி தொளதொளவென்று வெறுமனே ஆடினால் பம்ப் கெட்டுவிட்டதென்று நினைக்காதே. உள்ளே கேம் அதை முழுதாகத் தள்ளி நிற்கிறது; இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சரியாகும். செப்பு வொஷர்களைப் புதிதாகப் போடு. தளர்த்திய நட்டுக்கு நேராகக் கையை நீட்டாதே, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

எங்கள் லொறிகளுக்கு இல்லாத ஆபத்து ஒன்று உன் இஞ்சினுக்கு இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் சுற்றினால், குளிரூட்ட வரும் கடல்நீர் சைலன்சரில் நிறைந்து பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும். வெளியே தள்ளப் புகை அழுத்தம் இருக்காதே. ஆகையால் காற்று எடுக்கும்போது கடல்நீர் வால்வை மூடு. இஞ்சின் பற்றியதும் உடனே திற. மறக்காமலிருக்க ஸ்டார்ட் சாவியில் ஒரு துணியைக் கட்டிவை.

இன்னொன்று, சிரிக்காதே: எதையும் கழற்றுமுன் நிறுத்தும் கேபிள் இழுத்தபடி இருக்கிறதா என்று பார். சுற்றும்போது புகைப்போக்கியில் துளிப் புகையும் வராவிட்டால் டீசலே போகவில்லை என்று அர்த்தம், அதற்கு அந்தக் கேபிளும் காரணமாகலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அது வேறு கதை.

மூடியைத் திறந்தபோது என்ன சத்தம் வந்தது, கேன் வைத்து ஓட்டியபோது என்ன நடந்தது, இரண்டையும் எழுது. போத்தலில் பிடித்த டீசலையும் கண்டி பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு, மூடியை நன்றாக இறுக்கி.

இப்படிக்கு,
மாமா