யூரியாவும் புகைக்குழாயும்

சாவகச்சேரி

அன்புள்ள தம்பி,

கனடாவிலுள்ள உன் மாமாவின், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்றுகிறார்களாம். தோட்டத்துக்குப் போடும் பசளையைப் புகைக்குழாய்க்குப் போடவைத்தது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டந்தான், பழைய எஞ்சினுக்கு இந்தச் சுமை இல்லையே என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது நேர்மாறானது: சட்டம் இறுக்கிய எஞ்சினை மீண்டும் மூச்சுவிட வைத்ததே யூரியாதான்.

டீசல் எஞ்சினின் அடிப்படைச் சிக்கல் நம் கிணற்றுத் துலாவைப் போன்றது; ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். உருளைக்குள் வெப்பம் ஏறினால் எரிபொருள் நன்றாக எரியும், கரி குறையும். ஆனால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும். வெப்பத்தைத் தணித்தால் அவை குறையும், கரி கூடும். கரும்புகை வராவிட்டால் வண்டி சுத்தம் என்று பேசுவோர் துலாவின் ஒரு முனையை மட்டுமே பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை.

பெரிய வீட்டு வண்டிகளில் இருப்பது லொறி எஞ்சின்தான். அதற்குக் கனடாவும் அமெரிக்க அளவுகளையே பின்பற்றுகிறது. 1998இல் ஒரு பரிவலு-மணிக்கு 4 கிராம் நைதரசன் ஒட்சைட்டு அனுமதிக்கப்பட்டது. 2010இல் அது 0.2 கிராம். இடையில், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் உருளைக்குள் விட்டுச் சூட்டைத் தணித்தார்கள். எஞ்சின் திணறியது, டீசல் கூடுதலாகச் செலவானது. பழைய எஞ்சினைப் புகழ்வோரின் முறைப்பாட்டில் உண்மையுள்ள இடம் இதுதான். 2007இல் கரியின் அளவு 0.1 கிராமிலிருந்து 0.01 ஆகக் குறைக்கப்பட, கரி வடிகட்டியும் சேர்ந்தது. அதன் பிறகே யூரியா பரவலாயிற்று. 32.5 சதவீதக் கரைசல் சூடான புகையில் அமோனியாவாகி, ஊக்கியின் மேல் நைதரசன் ஒட்சைட்டை வெறும் நைதரசனாகவும் நீராகவும் மாற்றுகிறது. சுத்திகரிப்பு உருளைக்கு வெளியே போனதால், உள்ளே மீண்டும் சூடாக, சிக்கனமாக எரிக்க முடிந்தது.

இதற்கு, லொறி எஞ்சின் செய்யும் அமெரிக்காவின் நவிஸ்டார் நிறுவனத்தின் கதையைவிட நல்ல சான்று வேண்டுமா? யூரியாவே வேண்டாம், புகையைத் திருப்பி விட்டே சமாளிப்போம் என்று அந்நிறுவனம் பிடிவாதமாக நின்றது. 0.2 கிராமைத் தொட முடியாமல், 2012இல் யூரியா வழிக்கே திரும்பியது. சட்டத்தை ஏசுவோர் இந்தத் தோல்வியை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும்.

பழைய எஞ்சினை எந்த மெக்கானிக்கும் திருத்தலாம், புதியதில் ஓர் உணரி பழுதானாலே வேகம் குறைந்துவிடும் என்பாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எளிமைக்கான விலையை வீதியோரத்தில் இருப்பவரின் நுரையீரல் கட்டியது. அதைக் கணக்கில் எழுதாமல் ‘மலிவு’ என்று சொல்லாதே.

அப்படியானால் அந்தப் புதிய எஞ்சினை இங்கே இலங்கைக்குக் கொண்டுவரலாமா என்பது அடுத்த கேள்வி. கந்தகம் மிகுந்த டீசல் ஊக்கியின் ஆற்றலைக் கெடுக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 2007 எஞ்சினுக்கு முன்பே, 2006இல், டீசலின் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறைத்தார்கள். நம் ஒட்டோ டீசலில் கந்தகம் அதைவிட மிக அதிகம். 2008இல் தொடங்கிய நம் புகைப் பரிசோதனையும் டீசல் வண்டியில் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. எரிபொருளைத் திருத்தாமல் எஞ்சினைக் குறைசொல்வது, ஊற்றுக்கண் கலங்கியிருக்கத் துலாவைத் திட்டுவதற்கு ஒப்பானது.

அன்புடன்,
உன் ஆசிரியர்