பெரட்டுக் களத்திலிருந்து அணிவகுப்புத் திடலுக்கு

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி தங்கைகள், "அண்ணா, நீங்கள் படிக்கும்போது பாலாப்பெஸில் இருந்தீர்களாமே, அதைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். சீருடை அணிந்த கதையைச் சொல்வதை விட, சேரலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் முதலாண்டு மாணவருக்கு உதவும்படி எழுதுவதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். மலாக்காவுக்கும் தோட்டத்திற்கும் உள்ள உறவு பழையது. 1896-இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த ரப்பரை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். என் காலத்தில் எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. அம்மா மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்தார். விடியற்காலை பெரட்டுக்குப் போய் நிற்பார். மண்டோர் பெயரை வாசிப்பார், இவர் குரல் கொடுப்பார். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்ட மக்கள் வாயில் 'பெரட்டு' ஆனது என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே அறிந்தேன்.

பாலாப்பெஸ் என்றால் என்ன?

மலாயில் 'பாசுக்கான் லத்திஹான் பெகாவாய் சிம்பானான்' என்பதன் சுருக்கமே பாலாப்பெஸ். சேமப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிப் பிரிவு என்று தமிழில் சொல்லலாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது இயங்குகிறது. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை என்ற மூன்று பிரிவுகளில் எவையெவை உண்டு என்பது பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறும். பயிற்சி மூன்றாண்டு. முதலாண்டில் ஜூனியர், அடுத்து இண்டர்மீடியட், கடைசியில் சீனியர். வார இறுதிகளில் வளாகத்தில் பயிற்சி நடக்கும். ஆண்டுக்கொரு முறை நீண்ட முகாம் உண்டு. அணிநடை, ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், களக்கலை, வானொலித் தொடர்பு, இராணுவச் சட்டம், சிறு குழுவை நடத்தும் தலைமைத்துவம் ஆகியவை பாடங்கள். பயிற்சி நேரத்திற்கு அலவன்ஸ் உண்டு. பல இடங்களில் இது புறப்பாட மதிப்பெண்ணாகவும் கணக்கிடப்படுகிறது.

மூன்றாண்டும் தேறினால் 'லெப்டினன் மூடா' என்ற பதவி கிடைக்கும். தரைப்படைப் பிரிவினர் அஸ்கார் வத்தானியா எனும் சேமப்படையில் அதிகாரியாவர். கூட்டரசு அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவின்படி மாட்சிமை தங்கிய மாமன்னரே ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி. அதனால் இந்தப் பதவி மாமன்னர் பெயரால் வழங்கப்படுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாலாப்பெஸில் சேர்ந்தவர் முழுநேர இராணுவ வீரர் ஆகிவிடுவதில்லை. ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே சேமப்படையில் சேவை செய்யலாம். முழுநேரத் தொழிலாக இராணுவத்தை விரும்புகிறவருக்கு வேறு வழிகள் உண்டு. 2006-இல் தோன்றிய மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று.

அம்மாவின் அச்சம்

பதிவுப் பாரத்தோடு வீட்டுக்குப் போனேன். "பட்டாளமா? வேணாம்யா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அம்மா. அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பானியர் காலத்தில், 1942-43-இல், சயாம்-பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழரைக் கொண்டுபோனார்கள். அப்படிப் போன எங்கள் பூட்டன் திரும்பவில்லை. சீருடைக்காரன் வந்து கூப்பிட்டால் போனவர் வரமாட்டார் என்பது எங்கள் லயத்தில் தலைமுறையாகச் சொல்லப்பட்ட பாடம்.

சீருடையை நம்மவர் வேறு விதமாகப் பார்த்த காலமும் உண்டு. 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில், அதிலும் ஜான்சிராணிப் படையில், மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பலர் தாமாகவே சேர்ந்தனர். சுதந்திர மலேசியாவில் 1967 டிசம்பரில் அரச மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க பெரிய மனுஷங்க. நீ படிக்கப் போனவன்" என்றார்.

என் பக்கம் பேசியவர் தாத்தாதான். சுங்கை ஊடாங் அருகேயுள்ள தெரெண்டாக் முகாமை 1950-களின் இறுதியில் காமன்வெல்த் படைக்காகக் கட்டினார்கள். 1970 வாக்கில் அந்நியப் படைகள் போய் அது நம் இராணுவத்தின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் தாத்தா அங்கே புல்வெட்டும் வேலை பார்த்தவர். "நான் வெளியே நின்னு புல்லு வெட்டுன திடல்ல இவன் உள்ளே நிக்கட்டுமே" என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார், முகம் கொடுக்காமல்.

தோற்ற பருவம்

முதலாண்டு இரண்டாம் பருவத்தில் ஒரு பாடத்தில் தோற்றேன். குறை என்னுடையதுதான். சனி ஞாயிறு முழுதும் பயிற்சி, திங்கட்கிழமை விரிவுரையில் தூக்கம். ஒப்படைப்புகளை ஞாயிறு இரவில் தொடங்கும் பழக்கத்தை நான் விடவில்லை. முடிவு தெரிந்ததும் அம்மா தொலைபேசியில், "அதை விட்டுடு" என்றார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் கிடைக்காமல் போனால் அவர் மருந்துத் தோம்பு சுமந்த ஆண்டுகளுக்கு என்ன பதில் சொல்வது?

விலகல் கடிதம் எழுதியும் விட்டேன். கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தைப் பிரித்து எழுதிப் பார்த்தேன். பயிற்சிக்குப் போனதைக் காட்டிலும், இரவில் வெறும் பேச்சில் போன நேரம் அதிகமாக இருந்தது! கடிதத்தைக் கிழித்தேன். ஒப்படைப்பை வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பது, முகாம் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே விரிவுரையாளரிடம் எழுத்து மூலம் தெரிவிப்பது என்று இரண்டு விதி வகுத்துக்கொண்டேன். தோற்ற பாடத்தை மறுபடி எடுத்துத் தேறினேன். கழகத்தின் கலைநிகழ்ச்சி ஒத்திகைகளுக்கு என்னால் வர முடியாதபோது என் பங்கையும் சுமந்த நண்பர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

செம்பனைக் காட்டில் ஓர் இரவு

இரண்டாமாண்டு முகாமில் இரவு நேர வழிகாணும் பயிற்சி. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவன். கையில் வரைபடமும் திசைகாட்டியும். இடமோ செம்பனைத் தோட்டம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஒரே வரிசையில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர், பதினொரு மரம் தாண்டினால் ஏறக்குறைய 100 மீட்டர். நண்பர்கள் காலடி எண்ணித் தூரம் கணித்தபோது நான் மரம் எண்ணினேன்.

முதல் இரண்டு புள்ளிகளைச் சரியாகப் பிடித்தோம். மூன்றாவதில் தவறினேன். இடையில் ஒரு பகுதி மறுநடவு செய்யப்பட்டிருந்தது. அங்கே வரிசையின் போக்கே வேறு. திசைகாட்டியைப் பார்க்காமல் வரிசையை நம்பி நடந்திருந்தேன். குழுவில் ஒருவன், "சரியாத்தான் போறோமா?" என்று மலாயில் கேட்டான். "சரிதான்" என்றேன். எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும், குழுவில் இருந்த ஒரே இந்தியன் நான், நானா தவறை ஒப்புக்கொள்வது என்ற வீம்பு. இன்னும் அரைமணி நேரம் அவர்களை வீணாக நடக்க வைத்தேன்.

பிறகு நின்றேன். "நான் வழி தவறிவிட்டேன். கடைசிப் புள்ளிக்குத் திரும்புவோம்" என்றேன். வானொலியில் நிலவரத்தைச் சொன்னேன். யாரும் கேலி செய்யவில்லை. சந்தேகம் கேட்ட அதே நண்பன் முன்னால் வந்து திசைகாட்டியைப் பிடித்தான். மறுநாள் பயிற்றுநர் சொன்னார்: தவறிய இடத்தை விட, தவறென்று தெரிந்த பிறகு நடந்த தூரம்தான் ஆபத்து என்று. மூன்றாண்டில் நான் கற்ற பாடங்களில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். இன்று அலுவலகத்தில் கணக்கு தவறும்போதும் இதுவே கைகொடுக்கிறது.

சேர நினைப்போர்க்கு

முதலில், கடந்த பருவத் தேர்ச்சியை நேர்மையாகப் பாருங்கள். நேரத்தை ஆளத் தெரியாதவருக்குப் பாலாப்பெஸ் அதைத் தானாகக் கற்றுத்தராது. இரண்டாவது, மருத்துவச் சோதனையும் உடல்திறன் சோதனையும் உண்டு. பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே ஓடத் தொடங்குங்கள். மூன்றாவது, கட்டளைகளும் பாடங்களும் மலாயில். தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு இது தடையன்று, மேடையில் மலாய் பேசும் கூச்சத்தை இதுவே போக்கும். நான்காவது, பெண்களும் சேரலாம், தங்கைகள் ஒதுங்க வேண்டாம். ஐந்தாவது, நம் இனத்தவர் குறைவாக இருப்பதால் உங்கள் தவறும் உழைப்பும் இரண்டுமே கண்ணில் படும். அதை நினைத்து அஞ்சவும் வேண்டாம், வீம்பு பிடிக்கவும் வேண்டாம்.

மலாக்காவில் உள்ளவர்களுக்கு இன்று வாய்ப்பு இன்னும் அருகில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு கல்லூரிப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 2007-இல் பெயர் மாறிய டூரியான் துங்கல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பாலாப்பெஸ் உண்டு.

பதவியேற்பு நாளில் அம்மாவும் தாத்தாவும் வாடகை வேனில் வந்தார்கள். அணிவகுப்பு முடிந்து ஓடிப்போய் நின்றேன். அம்மா தோள்பட்டையில் இருந்த சின்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷம் நான் பெரட்டுல நின்னு 'இருக்கேன்'னு சொன்னேன். இனி நீ பேரைக் கூப்பிடுற ஆளு. எவனாவது குரல் கொடுக்கலைன்னா, ஏன் வரலைன்னு வீட்டுக்குப் போய்ப் பாரு" என்றார்.

தலைமைத்துவம் பற்றி எத்தனையோ விரிவுரை கேட்டிருக்கிறேன். அதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.