பழுக்காத திராட்சையும் பிள்ளைகளின் பற்களும்

வேதபாடம்: எசேக்கியேல் 18:1–4; 2 தீமோத்தேயு 1:5



பெரியவர்கள் பழுக்காத திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி வழங்கிவந்தது. இனி அதைச் சொல்ல வேண்டாம் என்று கர்த்தர் தீர்க்கதரிசி மூலம் கண்டித்தார்.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் இளம் தாய், மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் அழுதாள். "ஐயா, பால் பல் எல்லாம் சொத்தையாயிடுச்சு. நான் செய்த பாவமா?" என்று கேட்டாள்.

பாவமல்ல, மகளே என்றேன். ஆயினும் அவள் கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது.

பல் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஒரு கிருமியை 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் கண்டறிந்தார். அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அது சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. சொத்தை தொற்றக்கூடியது என்பதை 1960-ல் அமெரிக்காவில் பால் கீஸ் என்பவர் வெள்ளெலிகளைக் கொண்டு காட்டினார். குழந்தை இக்கிருமியோடு பிறப்பதில்லை. வீட்டாரின் உமிழ்நீர் வழியாக, பெரும்பாலும் தாயிடமிருந்தே, அது வந்துசேருகிறது. 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலான குழந்தைகள் 19 முதல் 31 மாத வயதுக்குள் அதைப் பெற்றதாகக் கண்டார்கள். பல் முளைக்குமுன்பே சிலருக்கு வருவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

நம் பகுதியில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் தாய் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறாள். குழந்தையை வளர்ப்பவர் ஆயா. கஞ்சி சூடா என்று தன் வாயில் வைத்துப் பார்த்து, அதே கரண்டியால் ஊட்டுகிறார். அழுதால் சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்கவைக்கிறார். அத்தனையும் அன்புதான். ஆனால் ஆயாவின் வாயிலும் ஆறாத சொத்தைகள் உண்டு. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அதற்குள் குழந்தை வலியால் சோறு உண்ணாமல் மெலிந்துபோகிறது.

முத்தத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கரண்டியை மாற்றினால் மட்டும் போதாது; ஒரே வீட்டில் உமிழ்நீர் எப்படியும் கலக்கும். பெரியவர்களின் வாயைச் சுத்தமாக்குவதே வழி. 1980-களில் ஸ்வீடனில் தாய்மாருக்குச் சிகிச்சை அளித்துக் கிருமிகளைக் குறைத்தபோது, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிருமி தாமதமாக வந்தது, சொத்தையும் குறைந்தது.

ஆகவே நாம் தாய்மாருக்குச் சொல்வது:

1. கர்ப்ப காலத்திலேயே உங்கள் சொத்தைப் பற்களைக் காட்டுங்கள். ஆயாவையும் அழைத்து வாருங்கள்.
2. இரவில் இனிப்புப் பால் புட்டி வேண்டாம்.
3. முதல் பல் முளைத்ததும், அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து இருவேளையும் துலக்கிவிடுங்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும், தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். கிருமி நடந்துவரும் அதே வீட்டு வழியாய் நல்ல பழக்கமும் நடந்துவரும். அந்தத் தாய்க்கு நான் சொன்னதும் இதுவே: உன்மேல் குற்றமில்லை, உன் கையில் மருந்து இருக்கிறது.

ஒரு குழந்தையின் பல்லுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கை, அதன் தாய்க்கும் ஆயாவுக்கும் சேர்த்தே சிகிச்சையாகட்டும். இக்குடும்பங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்