மீன் தீனியில் நனோ கனியுப்பு: கடையில் வாங்கி வைக்கலாமா?

கால்நடைத் தீனி விற்கும் ஒருவரிடம் நாளை ஒரு முகவர் வந்து, "இது நனோ செலனியம், இது நனோ நாகம். தீனியில் கொஞ்சம் கலந்தால் மீன் நோய் இல்லாமல் வளரும்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? சொல்வது முழுப் பொய் அல்ல. அதனால்தான் விடயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

மீனுக்கும் நம்மைப் போலவே கனியுப்புகள் தேவை. நாகம் போதாவிட்டால் கெண்டை மீனின் செட்டைகளும் தோலும் அரிக்கப்படும், வளர்ச்சி குன்றும். இரும்புச் சத்து குறைந்தால் இரத்தச் சோகை வரும். செலனியம் இல்லாவிட்டால் உடற் கலங்களைப் பாதுகாக்கும் ஒரு முக்கிய நொதியம் வேலை செய்யாது. முன்பு மீன் மா அதிகம் சேர்த்த தீனியில் இவை ஓரளவு தாமாகவே கிடைத்தன. மீன் மாவின் விலை ஏற ஏற, சோயாவும் தவிடும் அந்த இடத்தைப் பிடித்தன. இவற்றிலுள்ள பைட்டிக் அமிலம் நாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. தீனியில் நாகம் இருந்தும் மீனின் உடலில் போதியளவு சேர்வதில்லை. கெண்டைக்கு இரைப்பையே இல்லாததால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த இடத்தில்தான் நனோ வருகிறது. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துகள்களையே நனோ என்கிறோம். துகள் சிறிதாகும்போது அதே நிறையில் மேற்பரப்பு பல மடங்காகிறது. ஆகவே குடலில் உறிஞ்சப்படுவது எளிதாகிறது, குறைந்த அளவே போதுமாகிறது.

இதில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று செலனியம். 2009 இல் வெளியான சீன ஆய்வொன்றில் ஒரு கெண்டை இனத்துக்கு நனோ செலனியமும் சாதாரண சேதனச் செலனியமும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே வளர்ச்சியைக் கூட்டின. நனோ கொடுத்த மீனின் தசையில் செலனியம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. 2015 இல் வெளியான ஈரானிய ஆய்வில் சாதாரண கெண்டைக்குக் கிலோ தீனிக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்று கொடுத்ததில் 1 மில்லிகிராம் கொடுத்த கூட்டமே நன்றாக வளர்ந்தது. 2 மில்லிகிராம் என்றதும் பலன் இரட்டிப்பாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

செலனியம் அப்படிப்பட்ட பொருள்தான். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அதில் மிகக் குறைவு. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பெலூஸ் ஏரியில், 1970களில் நிலக்கரி மின் நிலையத்தின் கழிவிலிருந்து செலனியம் கலந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய முடியாமல், உருக்குலைந்த குஞ்சுகளைப் பெற்று, அங்கிருந்த மீனினங்களில் பெரும்பாலானவை அற்றுப்போயின. அது தீனியால் நேர்ந்ததல்ல, ஆனால் பொருள் ஒன்றே.

நமது வியாபாரிகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் ஒரு தொன் தீனிக்கு வெறும் 1 கிராம். 50 கிலோ மூடை ஒன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. கடைத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. பண்ணைக்காரர் கையால் அள்ளிப் போட்டுக் கிளறினால் ஒரு மீனுக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றுக்கு நஞ்சு கிடைக்கும். ஆகவே தனித் தூளாக வரும் சரக்கைச் சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மா அல்லது சுண்ணாம்புத் தூளில் முன்கூட்டியே ஐதாக்கிக் கலந்து, தொன்னுக்கு இத்தனை கிலோ என்று குறித்து வரும் கலவையை மட்டுமே கையில் எடுக்கலாம். தீனியில் ஏற்கனவே கனியுப்புக் கலவை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முழுத் தீனியில் செலனியத்தின் மொத்த அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆய்வில் நல்ல பலன் தந்த அளவு அங்கு சட்ட வரம்புக்கு மேலே நிற்கிறது!

முகவர் ஆய்வு முடிவைக் காட்டினால், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கனியுப்பே சேர்க்காத தீனியோடு ஒப்பிட்டால் எதைச் சேர்த்தாலும் மீன் வளரும். அதே அளவு சாதாரண நாகத்தோடு ஒப்பிட்டு வென்றதா என்பதே கேள்வி. அத்துடன் இந்தச் சோதனைகளில் பல, கண்ணாடித் தொட்டியில் சிறு மீன்களை வைத்து எட்டுப் பத்து வாரங்கள் செய்யப்பட்டவை. வெயிலும் மழையும் சேறும் உள்ள குளம் வேறு.

இலாபக் கணக்கு இப்படிப் போடலாம். ஒரு கிலோ மீனுக்கு 1.5 கிலோ தீனி செலவானால் ஒரு தொன் தீனியில் 667 கிலோ மீன் கிடைக்கும். அது 1.4 ஆகக் குறைந்தால் 714 கிலோ. மேலதிகமாகக் கிடைத்த 47 கிலோ மீனின் விலை, ஒரு தொன்னுக்குச் சேர்த்த கலவையின் விலையைவிடக் கூடவா குறைவா? குறைவென்றால் பண்ணைக்காரர் இரண்டாம் முறை வாங்க வரமாட்டார், சரக்கு உங்கள் தலையில்தான்.

யார் வாங்குவார்கள் என்பதும் முக்கியம். நம் நாட்டின் பருவகாலக் குளங்களில் மழைக்குக் குஞ்சுகளை விட்டு, நீர் வற்றும்போது பிடிக்கிறார்கள். அங்கே மீன் இயற்கை உணவில்தான் வளர்கிறது, தீனியே போடாதவருக்குத் தீனிக் கலவையை விற்க முடியாது. தொட்டியிலும் கூட்டிலும் முழுத் தீனி கொடுத்து வளர்ப்போர், குஞ்சு பொரிக்கும் நிலையங்கள், ஏற்றுமதிக்கு அலங்கார மீன் வளர்ப்போர் ஆகியோரே உண்மையான வாடிக்கையாளர்கள். எண்ணிக்கை குறைவு. எனவே பெருந்தொகையாக இறக்கிவிட்டு ஆளைத் தேடக் கூடாது.

வாங்குவதானால் துகளின் அளவு, தூய்மை, ஈயம், கட்மியம் ஆகியவை குறிக்கப்பட்ட ஆய்வுகூடச் சான்றிதழைக் கேளுங்கள். மட்டமான நாக ஒட்சைட்டில் இந்த இரு நச்சு உலோகங்களும் கலந்திருப்பதுண்டு. ஈரம் பட்டால் நனோத் துகள்கள் கட்டியாகிப் பெயருக்கு மட்டும் நனோவாக இருக்கும், ஆகவே உலர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்து நிறுக்கும் ஊழியர் முகக்கவசம் அணியட்டும், இவ்வளவு நுண்ணிய தூள் நுரையீரலின் அடிவரை போகும்.

முதல் மூடையை விற்காமல் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரே அளவு மீன், ஒரே தீனி, மூன்று தொட்டியில் கலவையுடன், மூன்று தொட்டியில் கலவை இல்லாமல், எட்டு வாரம். தொடக்கத்திலும் முடிவிலும் மீனை நிறுத்து, செலவான தீனியையும் செத்த மீனையும் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு முகவருக்குப் பதில் சொல்லலாம்.