பருக்குழிக்கு ஊசியா, லேசரா?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைப் பார்த்தால், பகலில் கண்ணில் படாத மேடுபள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பருத் தழும்புக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க, கிளினிக் விளம்பரத்தைவிட இந்த நிழல் அதிகம் உதவும்.

பள்ளமே இல்லாமல் கறுத்து மட்டும் இருந்தால் அது தழும்பு அல்ல, பரு விட்டுப்போன கறை. சன்ஸ்கிரீனும் மருத்துவர் எழுதித்தரும் க்ரீமும் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். அதற்குப் போய் ஊசி குத்திக்கொள்வது வீண் செலவு.

பள்ளம் இருந்தால் அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். குண்டூசி குத்தியதுபோல் வாய் குறுகி ஆழமாக இறங்குவது ‘ஐஸ்பிக்’. அம்மைத் தழும்புபோல் ஓரம் செங்குத்தாக இருப்பது ‘பாக்ஸ்கார்’. அலை அலையாகத் தெரிந்து, இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்ததும் மறைந்துபோவது ‘ரோலிங்’. பலருக்கு ஒரே கன்னத்தில் மூன்றும் இருக்கும்.

இப்போது அதிகம் பேசப்படும் மைக்ரோநீடில் ரேடியோஃப்ரீக்வன்சி எனும் ரேடியோ அலை ஊசி, ரோலிங் தழும்புக்கும் ஆழம் குறைந்த பாக்ஸ்காருக்கும் நன்றாகப் பொருந்தும். மரத்துப்போகும் க்ரீமைப் பூசி முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய ஊசிகள் கொண்ட முனையை முகத்தில் வைத்து அழுத்துவார்கள். காப்புப் பூச்சுள்ள ஊசியென்றால் நுனியில் மட்டுமே சூடு பிறக்கும். உள்தோல் சூடாகிப் புதிய கொலாஜன் உருவாகும், மேல்தோல் பெரும்பாலும் தப்பிக்கும். முகச் சிவப்பு ஓரிரு நாளில் அடங்கும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று, நான்கு முறையாவது செய்ய வேண்டியிருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் மேல்தோலையே புள்ளி புள்ளியாக ஆவியாக்குகிறது. ஆழமான பாக்ஸ்காருக்கு அதன் தீவிரம் பொருந்தும். ஆனால் முகம் ஆற ஒரு வாரம் ஆகும். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சூடுபட்ட இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கலாம். நம் ஊர் நிறத்துக்கு ஊசியே முதல் தேர்வு என்று தோன்றுவது இதனால்தான். வெறும் மைக்ரோநீடிலிங்கில் சூடே கிடையாது. செலவு குறைவு, லேசான தழும்புக்கு அதுவே போதும்.

ஐஸ்பிக் விஷயத்தில் ரேடியோ அலை ஊசி, லேசர் இரண்டுமே பெரிதாகச் சாதிப்பதில்லை. அடர்த்தியான டிசிஏ அமிலத்தைக் குச்சிமுனையால் குழிக்குள் மட்டும் தொட்டுவைக்கும் ‘கிராஸ்’ முறை, சாதாரணமாகத் தோன்றினாலும், அங்கே சரியான வேலை செய்யும். ரோலிங் தழும்பைத் தோலுக்கடியில் நார் இழுத்துப் பிடித்திருந்தால், முதலில் ‘சப்சிஷன்’ ஊசியால் அதை அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் எத்தனை முறை சூடுபோட்டாலும் பலன் அரைகுறைதான்.

ரேடியோ அலை ஊசியையும் அழகுநிலைய சமாச்சாரமாக நினைத்துவிடக் கூடாது. தீக்காயம், கொழுப்பு கரைதல், நரம்புப் பாதிப்பு பற்றிப் புகார்கள் வந்ததால் 2025 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், கீலாய்டு எனும் தடித்து வளரும் தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முகத்தில் பரு இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை அடக்குவார்கள்.

கொலாஜன் நிதானமாகத்தான் வளரும். கடைசி முறை முடிந்து மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, அதே அறையில், அதே டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவைத்த படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.