மனதினாலும் தேவனை நேசித்தல்

கற்பனைகளுள் பிரதானமானது எதுவென்று வேதபாரகன் ஒருவன் வினவியபோது, நம் ஆண்டவர் புதிதாக ஒன்றை இயற்றிக் கூறவில்லை. யூதர் காலையும் மாலையும் ஓதிவந்த உபாகமத்தின் கட்டளையையே எடுத்துரைத்தார். எனினும் இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்போர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருதயம், ஆத்துமா, பலம் என மூன்றே உள. மாற்கு 12-ஆம் அதிகாரத்திலோ மனது என்பதும் சேர்ந்து நான்காகின்றது. எபிரெயர் வழக்கில் இருதயம் என்பது உணர்ச்சிக்கு மட்டுமன்றிச் சிந்தனைக்கும் இருப்பிடமாதலின், இது புதிதாய்ச் சேர்த்ததன்று. முன்னமே அடங்கியிருந்ததை விரித்துரைத்ததே எனலாம்.

கல்லூரியிற் பயிலும் நமக்கு இச்சொல் விசேஷித்த கவனத்திற்குரியது. ஆலயத்திற் பாடுங்கால் கண்ணீர் மல்குதலே தேவ அன்பென்றும், நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நாழிகை அதற்குப் புறம்பானதென்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். பரீட்சைக்கு முந்திய இரவில் மாத்திரம் இவ்விரண்டும் எவ்வாறோ ஒன்றுசேர்ந்து விடுகின்றன! முழு இருதயத்தையும் கேட்கும் ஆண்டவருக்கு நாம் ஞாயிற்றுக்கிழமைக்குரிய பகுதியை மட்டும் கொடுத்து, அதனையே முழுமையென்று எண்ணி அமைதியடைகின்றோம்.

இதற்கு மாறான சான்றைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. பொத்தேரியில் இரயிலேறித் தெற்கே செல்வோர் சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் முதலிய நிலையங்களைக் கடந்து செங்கற்பட்டை அடைவர். அதனை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் அம்மையார் பெயரால் விளங்கிய தொழுநோய் நிலையம் இருந்தது. 1955-இல் இந்திய அரசாங்கம் அதனை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. முன்னாளில் அங்கே தலைமை வகித்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பார், 1947-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அழைத்துவந்து நோயாளிகளைக் காட்டினார். பிராண்டு நம் நாட்டினர்க்கு அந்நியரல்லர். மிஷனெரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர்.

மடங்கி வளைந்த விரல்களைக் கண்டு இரங்கியோர் அவருக்கு முன்னும் பலர் இருந்தனர். அவரோ இரங்கியதோடு நில்லாமல், இவ்விரல்கள் ஏன் வளைந்தன என்று வினவினார். எலும்பு மருத்துவர் எவரும் அதுகாறும் இதனை முறையாக ஆராயவில்லை என்றறிந்து திகைத்தார். நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது, செயலற்றதெனத் தோன்றிய அக்கை இரும்புபோல் இறுகப் பற்றியது! அப்படியாயின் எல்லாத் தசைகளும் கெடவில்லை. வலிமை குன்றாத தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்குப் பொருத்தலாகாதோ? இவ்வினாவின் வழியே வேலூரில் அறுவைச் சிகிச்சை பிறந்தது.

மற்றொரு நாள் துருவேறிய பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்தான். அவன் விரலோ எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவன் அதனை உணரவேயில்லை. தொழுநோயில் தசை தானே அழுகி விரல்கள் விழுகின்றன என்னும் பழைய எண்ணம் இத்தகைய காட்சிகளைத் தொடர்ந்த பொறுமையான ஆராய்ச்சியால் தகர்ந்தது. வலியறியாமையால் நேரும் காயங்களே விரல்களை அழித்தன. ஆகவே அவற்றைக் காத்தல் கூடும் என்று தெளிந்தது. கண்ணீர் மாத்திரம் இதனைக் கண்டுபிடித்திராது. நோயாளியின் கையைத் தொடவும் கூசிய அக்காலத்தில், அன்பில்லாத அறிவும் அவரருகே சென்றிராது.

அறிவாலும் முடியாத ஓர் இடம் பின்னர் வந்தது. கை திருந்திய ஒருவர் சிலகாலம் சென்று திரும்பிவந்து, இக்கைகள் பிச்சை எடுப்பதற்கு உதவவில்லையென்று முறையிட்டார். வளைந்த விரல்களைக் கண்டு காசிட்டோர் நேரான விரல்களுக்கு இடவில்லை. நோயின் வடுவை அறிந்து வேலை கொடுப்பாரும் இல்லை. அதன்பின் வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. எளிய மண்குடிசைகளில் தங்கி, திருந்திய கைகளால் மரப்பொம்மைகள் செய்ய அவர்கள் பயின்றனர். மருத்துவம் கற்குமுன் சில ஆண்டுகள் கட்டிடத் தொழிலும் தச்சும் பழகியிருந்த பிராண்டு, உளியைப் பிடிக்கும் விதத்தைத் தாமே அவர்களுக்குக் காட்டினார்.