ஆறு வாரம், அணிக்கு இரண்டாயிரம் ரூபாய்: கல்லூரியில் நிஜ வியாபாரம் நடத்துவது எப்படி?

நம் கல்லூரிகளில் தொழில்முனைவு என்றாலே பெரும்பாலும் ஒரு போட்டிதான். மாணவர்கள் ஸ்லைடு தயாரிப்பார்கள், சந்தை இத்தனை கோடி என்பார்கள், நடுவர்கள் கேள்வி கேட்பார்கள், கேடயம் கொடுப்பார்கள். அந்த மேடையில் யாரும் யாருக்கும் எதையும் விற்பதில்லை. அது நல்ல பேச்சுப் பயிற்சி. வியாபாரப் பயிற்சி ஆகாது. முன்பின் தெரியாத ஒருவர் பர்ஸைத் திறக்கத் தயங்கி நிற்கும்போதுதான் மாணவர் தொழில் கற்கத் தொடங்குகிறார். ஒரு பருவத்தில் ஆறு வாரம் ஒதுக்க முடிந்தால் எந்தத் துறை ஆசிரியரும் அந்த வாய்ப்பை உருவாக்கித் தரலாம்.

முதலில் பணத்துக்கு வழி செய்யுங்கள். அணிக்கு 2,000 ரூபாய் போதும். துறைச் சங்க நிதியிலோ முன்னாள் மாணவர்களிடமோ கேட்டால் கிடைக்கும் தொகைதான். அதைப் பரிசாகக் கொடுக்காமல் கடனாகக் கொடுங்கள். அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி தன் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இப்படித்தான் கடன் கொடுத்து நிஜத் தொழில் நடத்த வைத்தது. அங்கே கடனை அடைத்தபின் மிஞ்சிய லாபம் அறப்பணிக்குப் போனது. திருப்பித் தர வேண்டிய பணம் என்றால் செலவழிக்கும் கை சற்று யோசிக்கும். ஆனால் நம் வகுப்பறைகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய. கடன் என்ற சொல்லுக்கே வீட்டில் பயம் இருக்கும். அதனால் நஷ்டம் வந்தால் நிதி ஏற்கும், மாணவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து கூடுதல் முதல் கொண்டுவரவும் அனுமதிக்காதீர்கள். அனுமதித்தால் வசதியான வீட்டுப் பிள்ளை ஜெயிக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அணிக்கு நான்கு பேர். நண்பர்கள் சேர்ந்துகொள்வதை விடாமல் நீங்களே பிரியுங்கள். கல்லாவில் உட்கார்ந்து பழகிய கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் சிலராவது இருப்பார்கள். அவர்களை அணிக்கு ஒருவராகப் போடுங்கள். மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருப்பவராகக்கூட இருக்கலாம், இங்கே அவர்தான் மற்றவர்களுக்கு வாத்தியார்.

முதல் வாரம் ஒரு சின்னப் பயிற்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் தன் மாணவர் அணிகளுக்கு ஐந்து டாலர் வைத்த உறையைக் கொடுத்து, திறந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்த அளவு சம்பாதிக்கச் சொன்னார். அதிகம் சம்பாதித்த அணிகள் அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை. ஓர் அணி, வகுப்பில் பேசத் தங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தை, அந்த வகுப்பு மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றது. நீங்கள் உறையில் நூறு ரூபாய் வையுங்கள். கையில் உள்ள காசைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று தேடும் பழக்கம் அங்கே ஆரம்பிக்கும்.

இரண்டாம் வாரம் வளாகத்துக்கு வெளியே அனுப்புங்கள்: பேருந்து நிலையம், உழவர் சந்தை, விடுதி, மருத்துவமனை வாசல். ஒவ்வொருவரும் பதினைந்து பேரிடம் நேரில் பேச வேண்டும். கூகுள் ஃபார்ம் செல்லாது. "இப்படி ஒண்ணு செஞ்சா வாங்குவீங்களா?" என்று கேட்கவே கூடாது. படிக்கிற பிள்ளை கேட்கிறதே என்று நம்மவர்கள் எல்லோரும் "ஆமா கண்ணு" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் இதுக்கு என்ன செஞ்சீங்க, எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்கச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லும்போது முகத்துக்காகப் பேசுவது குறையும்.

மூன்றாம் வாரம் அடக்க விலை. இதில் அவசரப்படாதீர்கள், மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. ஓர் அணி மாலையில் சுண்டல் விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலை ஒரு கிலோ 100 ரூபாய். ஊறி வெந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. நூறு கிராம் வீதம் இருபது பொட்டலம். தேங்காய், எண்ணெய், கேஸ், காகிதத் தட்டு எல்லாம் 80. ஆக ஒரு பொட்டலம் 9 ரூபாய், 15க்கு விற்றால் ஆறு ரூபாய் லாபம் என்று துள்ளுவார்கள். பாத்திரம் ஏற்றிவந்த ஆட்டோ 60 ரூபாயை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதினால் அடக்கம் 12. ஐந்து பொட்டலம் விற்காமல் போனால் வரவு 225, செலவு 240. கைநஷ்டம் 15 ரூபாய், அதுவும் சமைத்தவர்களுக்குக் கூலி போடாமல். இந்தக் கணக்கை நீங்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டாதீர்கள். அவரவர் பொருளுக்கு அவர்களே போடட்டும், தப்பு செய்யட்டும், திருத்தட்டும்.

நான்காம், ஐந்தாம் வாரம் விற்பனை. முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு முன்கூட்டியே வேண்டும். வாங்குபவர்களில் பாதிப் பேராவது சொந்தக்காரர், நண்பர், ஆசிரியர் அல்லாதவராக இருக்க வேண்டும். நீங்களும் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். அன்றாடம் இரவு நோட்டில் கொள்முதல், விற்பனை, கையிருப்பு, கடன் பாக்கி நான்கும் ஏற வேண்டும். ஜிபேயில் வரும் காசு யாரோ ஒருவரின் சொந்தப் பணத்தோடு கலந்துவிடுவதுதான் அணிகளுக்குள் சண்டை மூட்டும் இடம். அன்றைய வசூலை அன்றே எண்ணி, நால்வரும் கையெழுத்திடட்டும். போணியே ஆகாத அணி சோர்ந்துவிடும். அவர்களோடு ஒரு மாலை போய் நில்லுங்கள். விற்றுத் தர வேண்டாம், கவனியுங்கள். விலை பிரச்சினையா, இடமா, கூப்பிடக் கூச்சமா என்று அங்கே தெரிந்துவிடும். நடுவில் ஒருமுறை பொருளையே மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.

கடைசி வாரம் மீதிச் சரக்கைத் தள்ளிவிட்டு, கடனை அடைத்து, கணக்கை முடிக்க வேண்டும். மதிப்பெண்ணில் நான் நூற்றுக்கு நாற்பதைக் கணக்கு நோட்டுக்கும், முப்பதை இரண்டாம் வாரம் பேசி எடுத்த வாடிக்கையாளர் குறிப்புகளுக்கும், இருபதை எதை ஏன் மாற்றினோம் என்ற எழுத்துக்கும் வைப்பேன். லாபத்துக்குப் பத்துதான். லாபத்துக்கு அதிகம் வைத்தால் கணக்கில் பொய் புகுந்துவிடும். மிஞ்சிய பணத்தில் பாதி அணிக்கு, பாதி அடுத்த ஆண்டு முதலுக்கு. நோட்டுகளைத் துறை நூலகத்தில் வைத்துவிடுங்கள்; அடுத்த ஆண்டு மாணவர்கள் இரண்டாம் வாரத்துக்கு முன்பே அவற்றைப் படித்துவிட்டு வரட்டும்.